எனக்கு மனம் இல்லை, சேர்

சட்டம் அறவே தெரியாதவர் பொலிஸ்காரர் முன்னால் வாயைத் திறக்க மாட்டார். சட்டத்தை முழுதாகப் படித்தவரும் திறக்க மாட்டார். எதைச் சொன்னால் எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். ஓயாமல் பேசுகிறவர், சட்ட வகுப்புக்கு ஒரே ஒரு நாள் போய்வந்தவர்தான். அப்படிப்பட்ட ஆள் எப்படி இருப்பான் என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் தயங்காமல் என்னைக் காட்டுவார்கள்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் குடியிருந்தோம். அங்கிருந்து தினமும் ரயிலில் பதுளைக்குப் போய் ஒரு தேயிலைக் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி தூளை மொத்தமாக வாங்கி, பக்கற்றில் அடைத்து, சுற்றுப்புறத்துக் கடைகளுக்கு அனுப்புவார். நான் பில் எழுதுவேன், தொலைபேசி எடுப்பேன், முதலாளி வரும்போது எழுந்து நிற்பேன். (மூன்றாவதைத்தான் ஒழுங்காகச் செய்தேன்.)

முதலாளி காலையில் சாம்பிராணி போட்டு முடித்ததும் எங்களிடம் தவறாமல் ஒன்று சொல்வார்.

"கழிவுத் தேயிலைன்னு ஒரு சிட்டிகை நம்ம கட வாசலத் தாண்டி உள்ள வரக்கூடாது. வந்துச்சுன்னா எல்லாரும் உள்ள போகணும்."

தொழிற்சாலையில் தூளைச் சலித்து எடுத்த பிறகு நாரும் தூசியுமாக மிஞ்சுவதுதான் கழிவுத் தேயிலை. அதைச் சாயம் போட்டு நல்ல தூளோடு கலந்து விற்கிறவர்கள் இருப்பதால், அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை வைத்திருப்பதும் குற்றம், ஏற்றிக்கொண்டு போவதும் குற்றம். எவ்வளவு நேர்மையான மனிதர் என்று முதலாளியைப் பற்றி நான் பெருமைப்பட்டுக்கொள்வேன். கடைக்குப் பின்னால் பூட்டியே கிடக்கும் ஸ்டோரில் எலி மருந்து வைத்திருப்பதாகவும், யாரும் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்றும் அவர் சொல்லியிருந்தார். எங்கள் உயிர்மேல் இத்தனை அக்கறையா என்று அதற்கும் பெருமைப்பட்டேன்.

வேலையில் மேலே வரவேண்டும் என்று பதுளையில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் வணிகச் சட்ட வகுப்பில் சேர்ந்தேன். கற்பித்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற அரச அதிகாரி. முதல் வகுப்பிலேயே குற்றவியலைத் தொட்டார். கரும்பலகையில் ஒன்றையொன்று வெட்டுகிற மாதிரி இரண்டு வட்டங்களைப் போட்டார்.

"ஒரு ஆளைக் குற்றவாளி எண்டு சொல்லுறதெண்டா ரெண்டு சாமான் வேணும். ஒண்டு குற்றச் செயல். மற்றது குற்ற மனம். ரெண்டும் ஒரே நேரத்தில சேரவேணும். என்ர குடை எண்டு நினைச்சு நான் உம்மட குடையைக் கொண்டு போனா, செயல் இருக்கு, மனம் இல்லை. களவு இல்லை. விளங்குதோ?"

விளங்கியது. விளங்கிய வேகத்தில் உடம்பே கொஞ்சம் உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. மணி அடித்ததும் அவர், "இதுக்கு விதிவிலக்கும் இருக்கு, அதை வாற கிழமை பாப்பம்" என்றார். நான் அதற்குள் புத்தகத்தைப் பையில் போட்டுவிட்டேன்.

அன்று மாலை வீட்டில் சோதனைக்குக் கிடைத்தது பக்கத்து லயத்து ஆடு. எங்கள் பீன்ஸ் கொடியை அது மேய்ந்துவிட்டது என்று அம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். செயல் இருக்கிறது, குற்ற மனம் இல்லை, ஆகவே ஆடு குற்றவாளி அல்ல என்று விளக்கினேன்.

"மனசு இல்லாமயா? வேலிக்கு அந்தப் பக்கம் அத்தன புல்லு கெடக்கு. அத விட்டுட்டு பீன்ஸத்தானே தேடி வந்துச்சு" என்றார் அம்மா. படிக்காதவர்களிடம் சட்டம் பேசக்கூடாது என்று நான் எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை ரயிலைத் தவறவிட்டேன். என் அக்கா ரீட்டாவின் கணவர் சேவியர் மச்சான் ஆட்டோ ஓட்டுகிறவர். நல்லவேளையாக அவரும் பதுளைக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் பாதியை ஒரு பழைய உரப் பை அடைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் என்னை ஏற்றிக்கொண்டார். பையில் என்ன என்று நான் கேட்கவில்லை. எட்டரைக்குள் கடையில் இருக்க வேண்டும், முதலாளிக்கு முன்னால் போய் எழுந்து நிற்க வேண்டும் என்ற கவலைதான் எனக்கு.

பதுளைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வளைவு தாண்டியதும், கான்ஸ்டபிள் ஒருவர் கையைக் காட்டினார். மச்சான் ஓரங்கட்டினார். அப்போதுதான் என் காலைப் பார்த்தேன். பையின் மூலையில் இருந்த ஓட்டையிலிருந்து கறுப்பாகத் தூள் கொட்டி, என் சப்பாத்து இரண்டையும் மூடியிருந்தது. நாரும் தூசியுமாக இருந்தது.

"மச்சான், மூட்டைல என்ன?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தேத்தூளுடா" என்றார், லைசன்ஸைத் தேடிக்கொண்டே.

பக்கற்றில் இல்லை, முத்திரை இல்லை, உரப் பைக்குள் தூள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தேயிலைக் கடையில் வேலை பார்க்கிறவன். பத்திரிகையில் என் படம் வருவதை அந்த இடத்திலேயே பார்த்தேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மாவை எல்லோரும் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்தேன். அக்கா கைக்குழந்தையோடு பொலிஸ் நிலைய வாசலில் நிற்பதையும் பார்த்தேன். இவ்வளவையும் பார்த்து முடிக்கும்போது கான்ஸ்டபிள் ஆட்டோவுக்குள் தலையை நீட்டி, மூட்டையில் என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

கேள்வி மச்சானைப் பார்த்துக் கேட்கப்பட்டது. பதில் என்னிடமிருந்து வந்தது.

"சேர், எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. செயல் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குக் குற்ற மனம் இல்லை. மனம் இல்லாமல் குற்றம் இல்லை."

இதை நான் தமிழில் சொன்னேன், அதுவும் பரீட்சைத் தாளில் எழுதுகிற தமிழில். எனக்குச் சிங்களம் தெரியாமல் இல்லை. கடையில் சாமான் விற்கிற சிங்களம், பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்கிற சிங்களம் எல்லாம் உண்டு. குற்றவியல் பேசுகிற சிங்களம் இல்லை. இருந்த கொஞ்சமும் அந்த நேரத்தில் பயத்தில் ஓடிவிட்டது.

கான்ஸ்டபிள் மச்சானிடம், இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தார்.

"என்னடா சொல்ற? மனசு என்ன?"

"எனக்கு மனம் இல்லைன்னு சொல்லுங்க மச்சான். அத மட்டும் சொல்லுங்க. போதும்."

மச்சானுக்குத் தன் சிங்களத்தின் மேல் அபார நம்பிக்கை உண்டு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெயாகே ஹித ஹரி நே, சேர்" என்றார்.

'ஹித' என்றால் மனம். 'நே' என்றால் இல்லை. அந்தப் பதற்றத்தில் இரண்டு சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறார் என்று வேகமாகத் தலையை ஆட்டினேன். நடுவில் இருந்த 'ஹரி'யைக் கவனிக்கவில்லை. மொத்தமாகச் சேர்த்தால், 'இவருக்கு மனது சரியில்லை' என்று அர்த்தம்.

கான்ஸ்டபிளின் முகம் அப்படியே இளகிவிட்டது. என் தோளில் கை வைத்தார். பயப்பட வேண்டாம் என்றார். சட்டம் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

ஆனாலும் மூட்டை மூட்டைதானே. இரண்டு பேரையும் அதோடு சேர்த்துப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். வழியெல்லாம் மச்சான் எதையோ கான்ஸ்டபிளிடம் சொல்லப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் நான் குறுக்கே விழுந்தேன். தெரியாமல் எதையாவது ஒப்புக்கொண்டு அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

"மச்சான், நீங்க பேசாதீங்க. நான் சட்டம் படிச்சிருக்கேன்."

"நேத்துதானடா போன."

"அடிப்படை எல்லாம் முடிஞ்சிருச்சு."

நிலையத்தில் ஒரு சார்ஜன்ட் இருந்தார். நரைத்த மீசை, சாந்தமான குரல். தமிழ் தெரிந்த அதிகாரி அன்றைக்கு லீவு. கான்ஸ்டபிள் அவர் காதில் இரண்டு வார்த்தை சொன்னதும், சார்ஜன்ட் தானே எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பால் இல்லாத சூடான பிளேன்டி வந்தது, கூடவே ஒரு துண்டுக் கருப்பட்டியும் வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டார். இரவில் தூக்கம் வருகிறதா என்று கேட்டார். (சந்தேக நபரின் உரிமைகளை இவ்வளவு மதிக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோனேன்.) பேசிக்கொண்டே மேசையில் என் பக்கமாக இருந்த கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார். சுத்தமான மனிதர் என்று நினைத்தேன்.

பிளேன்டியைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டேன். இத்தனை அன்பாகப் பேசுகிறார்கள் என்றால் விஷயம் எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று உள்ளுக்குள் ஓடியது. வாயால் சொல்லி இவருக்கு விளங்கவில்லை, படமாகவாவது காட்டுவோம் என்று ஒரு துண்டுத் தாள் கேட்டு வாங்கி இரண்டு வட்டங்களைப் போட்டேன். ஒன்றைத் தொட்டு மூட்டையைக் காட்டினேன். மற்றதைத் தொட்டு என் நெஞ்சைக் காட்டினேன். பிறகு இரண்டும் சேரவே இல்லை என்று விரல்களை விரித்துக் காட்டினேன். வேகம் போதவில்லை என்று அதையே திரும்பவும் செய்தேன்.

சார்ஜன்ட் அந்த வட்டங்களை வெகுநேரம் பார்த்தார். கான்ஸ்டபிளிடம் காட்டினார். கான்ஸ்டபிள் 'ச்' கொட்டினார்.

"உங்களுக்குப் பொறுப்பானவர் யார்?" என்று சார்ஜன்ட் மெதுவாக, சொல் சொல்லாகக் கேட்டார். அந்தச் சிங்களம் எனக்கு விளங்கியது. ஆனால் எங்கே வேலை என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். என் நன்னடத்தைக்குச் சாட்சி சொல்ல முதலாளியை விட நேர்மையான மனிதர் யார் இருக்கிறார்? அவருடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தேன்.

சார்ஜன்ட் அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியதில் என் பெயர், 'தேயிலை', 'மூட்டை', 'பொலிஸ்', மறுபடியும் 'ஹித' எல்லாம் கேட்டன. தொலைபேசியை வைத்துவிட்டு, அவர் உடனே வருகிறார் என்றார். என் முதலாளி எனக்காக ஓடி வருகிறார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து கான்ஸ்டபிளுக்கும் முகம் வாடியது.

இப்போது மூட்டை. நான் மூச்சு வாங்குவதற்காக நிறுத்திய இடைவெளியில்தான் மச்சானுக்கு முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் பேசக் கிடைத்தது. அதைக் கேட்ட சார்ஜன்ட் பையை அவிழ்க்கச் சொன்னார். ஒரு கைப்பிடி அள்ளி மோந்து பார்த்தார். ஒரு கோப்பையில் போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றச் சொன்னார். நான் குடிக்காமல் வைத்த பிளேன்டிக்குப் பக்கத்திலேயே அதையும் வைத்தார்கள்.

என் விதி அந்தக் கோப்பையில் ஊறிக்கொண்டிருந்தது. சாயம் இறங்கினால் சிறை. மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

சாயம் இறங்கவே இல்லை. பிளேன்டி செக்கச்செவேல் என்றிருக்க, பக்கத்துக் கோப்பையில் ஓடைத் தண்ணீர் நிறத்தில் எதுவோ நின்றது. அதிலிருந்து இஞ்சி வாசமும் லேசாகப் பால்மா வாசமும் வந்தன.

"நான் ரோட்டுல இருந்து இதத்தான் சேர் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார் மச்சான், களைத்துப்போன குரலில். "ரயில் ஸ்டேஷன் பக்கத்துல தேத்தண்ணிக் கடையில வடிச்சுக் கொட்டுன தூளு. காயவச்சு பதுளையில ஒரு டீச்சரம்மா அந்தூரியப் பூச்செடிக்கு ஒரமா போடக் கேட்டாங்க. இவன்தான் என்னப் பேசவே விடல."

(இரண்டு மொழியிலும் மாறி மாறிச் சொன்னார். என் முட்டாள்தனம் எனக்கும் முழுதாக விளங்க வேண்டும் என்பதற்காக இருக்கலாம்.)

ஆக, செயலே இல்லை. நடக்காத ஒரு குற்றத்தின் செயலை நான் நடு ரோட்டில் நின்று ஒப்புக்கொண்டு, மனத்தை மட்டும் மறுத்துக்கொண்டிருந்தேன்.

"அப்படியானால் இந்தத் தம்பிக்கு எவ்வளவு காலமாக இப்படி?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

"எப்புடி சேர்?"

"மனது சரியில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்."

"அவன்தான் சேர் அப்புடிச் சொல்லச் சொன்னான்."

மொழிபெயர்ப்பு மெல்ல மெல்ல அவிழ்ந்தது. முதலில் கான்ஸ்டபிள் சிரித்தார். பிறகு சார்ஜன்ட் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். உள்ளறையிலிருந்து இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்த்து, காரணம் கேட்டு, அவர்களும் சிரித்தார்கள். என் காது மடல் எரிந்தது. ஆனால் உயிர் திரும்பி வந்துகொண்டிருந்தது. போகலாம் என்று சார்ஜன்ட் கையைக் காட்டினார்.

அந்த நேரத்தில்தான் முதலாளி உள்ளே வந்தார். தனியாக வரவில்லை, கறுப்புக் கோட்டோடு ஒரு சட்டத்தரணியையும் கூட்டிவந்திருந்தார். முதலாளியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தக் காலை நேரத்தில் அவர் அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை. நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நேரே சார்ஜன்ட் மேசைக்குப் போனார்.

"சேர், இந்தப் பையன் சொன்னது எதையும் நம்பாதீர்கள். அவனுக்கு மனது சரியில்லை என்று நீங்களே சொன்னீர்கள். பின் ஸ்டோரில் இருக்கிற மூட்டைகள் என்னுடையவை இல்லை. அந்தச் சாயத் தூளும் என்னுடையது இல்லை. ஒருவன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்."

முதலாளியின் சிங்களம் அருமையான சிங்களம். அதனால் அறையில் இருந்த ஒருவருக்கும் ஒரு சொல்லும் தப்பவில்லை. எனக்கே எல்லாம் விளங்கியது.

சட்டத்தரணி கண்ணை மூடிக்கொண்டார்.

சார்ஜன்ட் கண்ணோரத்தில் இருந்த சிரிப்பு நீரைத் துடைத்தார். "எந்தப் பின் ஸ்டோர்?" என்று கேட்டார்.

முதலாளி மேசையில் இருந்த இரண்டு கோப்பைகளைப் பார்த்தார். அவிழ்ந்து கிடந்த உரப் பையைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். குற்றச் செயலும் குற்ற மனமும் ஒரே நேரத்தில் ஒரே முகத்தில் சேர்வதை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணால் கண்டேன். சார்ஜன்ட் நிதானமாக எழுந்து தொப்பியை எடுத்தார்.

அன்றைக்கே கடைக்குச் சீல் வைத்தார்கள். பின் ஸ்டோரில் எலி மருந்து இருக்கவில்லை. எலிகள் இருந்தன, அவற்றோடு கழிவுத் தேயிலை மூட்டைகளும் இருந்தன. எனக்கு வேலை போனது. அதை விடப் பெரிய பயம், அந்தத் தூளுக்கெல்லாம் பில் எழுதியவன் நான்தானே என்பது. தமிழ் அதிகாரி லீவு முடிந்து வந்ததும் வாக்குமூலம் எடுத்தார். இந்த முறை கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். ஒரு வட்டமும் போடவில்லை. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவர்கள் முடிவு செய்யும் வரை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் தனியாகப் போய், நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, சில குற்றங்களுக்குச் சட்டம் மனத்தைத் தேடிப் பாக்காது. வச்சிருந்தாலே போதும். அதைத்தான் இண்டைக்குப் படிப்பிச்சனான். மூட்டையில உண்மையிலேயே கழிவுத் தேயிலை இருந்திருந்தா, செயலை ஒத்துக்கொண்ட அண்டைக்கே நீர் உம்மட கேஸை முடிச்சிருப்பீர்."

நடந்து முடிந்த பயத்துக்கு எனக்கு அப்போதுதான் புதிதாக ஒருமுறை வியர்த்தது.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்த கதை இதில் பாதிதான். பொலிஸ் பிடித்தது, மனது சரியில்லை என்று சொல்லி விட்டுவிட்டது. காலையில் வேலைக்குப் பெயர் பதிகிற பெரட்டுக் களத்தில் அம்மாவிடம் ஆளுக்கொரு நாட்டு மருந்து சொன்னார்கள். அம்மா விவரம் சொல்லி ஓய்ந்துபோய், பூசையில் ஒரு மன்றாட்டு வைத்தால் ஊர் வாயாவது அடங்கும் என்று நினைத்துவிட்டார். நம்முடைய தோட்டத்து இளைஞர் ஒருவர் மன அமைதி பெற வேண்டும் என்று ஃபாதர் வாசித்தபோது, கோயில் முழுவதும் ஒரே சீராக என் பக்கம் திரும்பியது.

நான் பிறகு பண்டாரவளையில் ஒரு மரக்கறி மொத்த வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். என் மனைவி ஸ்டெல்லாவை முதன்முதலாகப் பார்த்ததும் அந்த ஊரில்தான். கல்யாணப் பூசையில் ஃபாதர் என்னிடம், முழு மனதோடு இங்கே வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முன் வரிசையில் மச்சானிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று சொல்லி அதை மறைத்தார். அக்காவின் தோள் குலுங்கியது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் பக்கத்தார் உட்கார்ந்திருந்த வாங்குகள் எல்லாம் ஆடின. ஃபாதர் அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்க வேண்டியிருந்தது.

பெண் வீட்டாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விருந்தில் மச்சான் எழுந்து நின்று, நடிப்போடும் சிங்களத்தோடும் முழுக் கதையையும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், என் மாமனாரைத் தவிர. அவர் சோற்றைப் பிசைந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ள, தப்பா நெனச்சுக்கக் கூடாது. மாத்திர எதும் எடுக்குறீங்களா?"

நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினேன். எவ்வளவு விளக்கினேனோ அவ்வளவுக்கு அவர் முகம் கவலையாகிக்கொண்டே போனது. கடைசியில், "சரிங்க மாப்பிள்ள, சரிங்க" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வருஷங்கள் ஆகிவிட்டன. இரண்டு பிள்ளைகள். மாமனார் இன்றைக்கும் வாரம் ஒருமுறை ஸ்டெல்லாவைப் போனில் அழைப்பார். பேரப் பிள்ளைகளை விசாரிப்பார், மழையை விசாரிப்பார், என் வேலையை விசாரிப்பார். பிறகு குரலைத் தாழ்த்துவார். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குக் கேட்காது. ஸ்டெல்லாவின் பதில் மட்டும் கேட்கும். போனைக் காதில் வைத்துக்கொண்டு, என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்வாள்.

"தூங்குறாருப்பா. இப்பல்லாம் நல்லா தூங்குறாரு."